டிரெய்லர் கூரையில் ஒரு விசிறி

1936-இல் அமெரிக்காவின் வாலி பயாம் ‘ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்’ என்ற டிரெய்லர் வீட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்துச் சேர்த்த கூடு. நான்கு பேர் படுக்கலாம். விலை 1,200 டாலர். வெயிலில் உலோகக் கூடு என்ன பாடு படுத்தும் என்பது அவருக்குத் தெரியாதா? உலர்பனிக்கட்டி வைத்துக் குளிர்விக்கும் வசதியும் அதில் உண்டு.

மற்ற எளிய டிரெய்லர்களுக்குக் கூரையில் ஒரு மூடிதான். சூடான காற்று தானாக மேலேறிப் போய்விடும் என்ற நம்பிக்கை. இலை அசையாத இரவில் அது பலிக்காது.

பின்னாளில் அந்தத் திறப்பு 14 அங்குலச் சதுரமாக நிலைத்தது. 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் விசிறி அதில் வந்து உட்கார்ந்தது. முதலில் வந்தவற்றில் பல வெறும் 6 அங்குல விசிறிகள். காற்று கொஞ்சம், இரைச்சல் அதிகம். சின்ன டிரெய்லரில் படுத்தால் தலைக்கு நேர் மேலேயே கத்தும்! மிச்சிகனில் உருவான ‘ஃபேன்டாஸ்டிக் வென்ட்’ போன்றவை திறப்பு நிறைய 12 அங்குல இறக்கையைப் பொருத்தின.

சூட்சுமம் அந்த அகலத்தில்தான். விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். இரைச்சலோ சுமார் 15 டெசிபல் இறங்கும். குறைகிற காற்றை இறக்கையின் அகலம் ஈடுகட்டிவிடும். ஆகவே பெரிய இறக்கை மெதுவாகச் சுற்றினாலே போதும். கூடவே தலைமாட்டு ஜன்னலையும் சற்றுத் திறந்து வைக்க வேண்டும். உள்ளே வர வழியில்லாத காற்றை எந்த விசிறியாலும் வெளியே தள்ள முடியாது.