ட்ரோஜன் தீநிரல்

ட்ரோஜன் தீநிரல் என்பது, பயனுள்ளதொரு செயலியைப் போலவோ கோப்பைப் போலவோ வேஷம் பூண்டு, உடையவரின் சம்மதத்தைப் பெற்றே கணினியிலோ கைபேசியிலோ குடியேறி, பின்னர் அவர் அறியாவண்ணம் களவு, உளவு, சேதம் ஆகிய காரியங்களைச் செய்யும் நிரல் வகையாகும். பகைவரை உள்ளே மறைத்து ட்ராய் நகருக்குள் நுழைந்த கிரேக்க இதிகாசத்து மரக்குதிரையால் இப்பெயர் பெற்றது. பிற நிரல்களில் தொற்றித் தன் பிரதிகளைப் பெருக்கும் வைரஸினின்றும், எவர் கையும் படாமல் வலையமைப்பில் தானே ஊர்ந்து பரவும் புழுவினின்றும் இது வேறானது. மனிதரின் இசைவே இதன் நுழைவாயில். ஆதலின் இதற்கெதிரான முதற் காவலும் மனிதரின் நிதானமேயாகும்.

தோற்றமும் வளர்ச்சியும்

1975ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஜான் வாக்கர் யுனிவாக் கணினிகளில் உலவவிட்ட ‘அனிமல்’ என்னும் விளையாட்டே இவ்வகையின் ஆதி உதாரணமாகக் கருதப்படுகிறது. ஆடுபவர் மனத்தில் நினைத்த பிராணி எதுவென்று அது கேள்விமேல் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கையில், அதனோடு சேர்ந்திருந்த மற்றொரு நிரல், அவருக்கு அனுமதியுள்ள கோப்பகங்களிலெல்லாம் விளையாட்டின் பிரதியை வைத்துவிடும். எவருக்கும் தீங்கு நினையாத அச்செயல், தீங்கு நினைப்போருக்கான மார்க்கத்தைக் காட்டிவிட்டது. 1984இல் வெளியான தம் டூரிங் விருதுப் பேருரையில் கணினியியலாளர் கென் தாம்சன், மூல நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்குள்ளேயே ஒரு கள்ள வாசலை ஒளித்துவைத்தால், மூல நிரலை வரிவரியாகப் படித்துப் பார்ப்பவரும் அதைக் காணமாட்டார் என்பதை விளக்கி, பிறர் ஆக்கிய நிரலை முற்றும் நம்புதல் தகாது என்று அறிவுறுத்தினார்.

1989 டிசம்பரில் நிகழ்ந்தது இவ்வரலாற்றில் மிக முக்கியமானது. ஜோசஃப் பாப் என்னும் அமெரிக்க உயிரியலாளர், எய்ட்ஸ் நோயைப் பற்றிய தகவல் என்று முகப்பிட்ட சுமார் 20,000 நெகிழ்தட்டுகளைப் பல நாடுகளிலுள்ளோருக்குத் தபாலில் அனுப்பிவைத்தார். தட்டைச் செருகியவர் முன், அவருக்கு அந்நோய் வரக்கூடிய அபாயத்தைக் கணிக்கும் வினாத்தாள் மெய்யாகவே தோன்றியது. அதனால் ஐயம் எழவில்லை. கணினி எத்தனை முறை இயக்கப்படுகிறது என்பதைத் திரைமறைவில் எண்ணிக்கொண்டிருந்த நிரல், எண்ணிக்கை 90ஐ எட்டியதும் கோப்பகங்களை மறைத்து, கோப்புகளின் பெயர்களை உருத்தெரியாமல் மாற்றி, 189 டாலரைப் பனாமா நாட்டு அஞ்சற்பெட்டி ஒன்றுக்கு அனுப்பும்படி கட்டளையிட்டது. நிபந்தனையை மீறினால் கணினிக்குப் பாதகம் நேரும் என்பதைத் தட்டுடன் வந்த உரிமத்தாளே சொல்லியிருந்தது. அதைப் படித்தவர் அரியர். பெயர்களே மாற்றப்பட்டிருந்தமையால் வல்லுநர் விரைவில் மாற்று மருந்து கண்டனர். பாப் கைதானாராயினும், மனநிலை காரணமாக விசாரணைக்குத் தகுதியற்றவராகக் கருதப்பட்டார்.

1998இல் நெட்பஸ், பேக் ஓரிஃபிஸ் ஆகிய நிரல்கள் தொலைவிலிருந்தே பிறர் கணினியை ஆளும் வித்தையைப் பரப்பின. 2007இல் வெளிப்பட்ட சூஸ் என்னும் ட்ரோஜன், வங்கிக் களவைத் தொழிலாக்கிற்று.

வகைகள்

கள்ள வாசல் திறந்து கருவியைப் பிறர் வசமாக்குவன, வங்கி விவரங்களைக் கவர்வன, விசைத்தட்டல், குறுஞ்செய்தி ஆகியவற்றை உளவறிவன, வேறு தீநிரல்களை இறக்கித் தருவன, கோப்புகளைப் பூட்டிப் பணயம் கேட்பன என ஐவகையாகப் பகுக்கலாம். ஒரே நிரல் பல தொழில்களைச் செய்தலும் உண்டு.

இந்தியாவில்

கூடங்குளம் அணுமின் நிலையத்தில் டிட்ராக் என்னும் தீநிரல் கண்டறியப்பட்டதை, 2019 அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. தொற்றுக்குள்ளானது நிர்வாகப் பணிக்கான, இணையத் தொடர்புடைய கணினியே என்றும், உலை இயக்க அமைப்பு தனித்திருந்தமையால் பாதிக்கப்படவில்லை என்றும் அது தெரிவித்தது. 2021 செப்டம்பரில், வருமான வரித் திரும்பப்பெறுதல் என்னும் ஆசை காட்டி, இருபத்தேழுக்கும் மேற்பட்ட வங்கிகளின் வாடிக்கையாளரைக் குறிவைத்த டிரினிக் என்னும் ட்ரோஜனைப் பற்றி, இந்திய அரசின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் எச்சரித்தது.

கிராமப்புறங்களில்

ஏரிப்பாசனத்தை நம்பிய, தமிழ்நாட்டின் உத்திரமேரூர் வட்டாரம் போன்ற பகுதிகளில், விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்கும் பிஎம்-கிசான் திட்டத்தின் பெயரே பெரிய தூண்டிலாகும். வாட்ஸ்அப் குழுவில், அறிமுகமான ஒருவரின் எண்ணிலிருந்தே, திட்டத்தின் பெயர் தாங்கிய கோப்பு வந்து விழும். அதன் பெயர், ஆண்ட்ராய்டு செயலிக் கோப்புக்குரிய ‘.ஏபிகே’ என்று முடியும். தொட்டவுடன், அறியாத இடத்துச் செயலியை நிறுவலாமா என்று கைபேசி கேட்கும்; பிறகு செயலி, குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கோரும். இரண்டிற்கும் ‘சரி’ என்றால், வங்கி அனுப்பும் ஓடிபி கள்வரிடம் சென்று சேரும். அவ்விவசாயியின் வாட்ஸ்அப்பும் அவர்கள் வசமாகி, அதே கோப்பு அவர் பெயரால் உறவினருக்குப் போகும். அனுப்பியவர் நம்மவர் என்பது ஆகவே அத்தாட்சியாகாது. போக்குவரத்து அபராதம், திருமண அழைப்பிதழ் ஆகிய வேஷங்களும் உண்டு.

தற்காப்பு

பத்தாம் நூற்றாண்டில் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு விதித்த குடவோலைத் தேர்தலில், ஓலைகளிட்ட குடத்தை உயர்த்திச் சபையோர் யாவரும் காணக் காட்டுதல் வேண்டும். செயலியை ஏற்பவரும் அவ்வாறே எதையும் மறைவில் விடாது, அது உள்ளே எதைக் கொண்டுள்ளது, எதைக் கேட்கிறது என்று பார்த்தபின்னரே இசைதல் வேண்டும். செயலிகளைப் பிளே ஸ்டோரிலிருந்து மட்டுமே பெறுதல், அதன் பாதுகாப்புச் சோதனையான பிளே ப்ரொடெக்டை அணைக்காதிருத்தல், அமைப்புகளில் அறியாத செயலிகளுக்கான அனுமதியை மூடிவைத்தல், இயங்குதளத்தை அவ்வப்போது புதுப்பித்தல் ஆகியன அவசியம். குறுஞ்செய்தி அனுமதியும் அணுகல்தன்மை அனுமதியும் தேவையற்ற செயலிக்குத் தரலாகாது. உதவித்தொகையின் நிலையை அரசின் இணையதளத்திலோ பொதுச் சேவை மையத்திலோ அறிந்துகொள்ளலாம்.

ஏமாந்ததாகத் தெரிந்தால், வெட்கத்தால் மறைத்தல் கூடாது. கைபேசியின் இணையத்தை உடனே துண்டித்து, வேறொரு கைபேசியிலிருந்து வங்கிக்கும் 1930 என்னும் தேசிய உதவி எண்ணுக்கும் தெரிவித்து, கடவுச்சொற்களை மற்றொரு கருவியில் மாற்றியபின், செயலியை நீக்குதல் வேண்டும். நீங்காவிடில், படங்களைப் பிரதியெடுத்துக்கொண்டு கைபேசியை ஆரம்பநிலைக்கு மீட்டமைத்தல் வேண்டும்.

சட்டமும் தற்கால நிலையும்

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 66ஆம் பிரிவின்படி இக்குற்றத்திற்கு மூன்றாண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். 2017இல் தொடங்கப்பெற்ற சைபர் ஸ்வச்தா கேந்திரம் தீநிரல் நீக்கும் கருவிகளை இலவசமாய் வழங்குகிறது. இக்காலத்தில் கைபேசிகளே முதன்மையான இலக்காகியுள்ளன. களவுபோன பணம் சில மணி நேரத்திலேயே பல கணக்குகள் மாறிவிடுவதால், புகாரைத் தாமதமின்றிப் பதிதலே அதை மீட்பதற்கான சிறந்த உபாயமாகும்.