பொம்மைச் சேனைகளும் அவற்றைக் காத்த நடுவர்களும்

மேஜையின்மேல் சிறிய பொம்மைச் சேனைகளை அணிவகுத்து யுத்தம் நடத்தும் விளையாட்டில், ஒரு மாலைப்பொழுதுப் போருக்கு ஆள் சேர்ப்பது எளிது. தேசப்படம் ஒன்றில் பல ராஜ்யங்களை வகுத்து, ஒரு போரின் முடிவே அடுத்த போருக்குக் காரணமாகும்படி மாதக்கணக்கில் நீளும் போர்த்தொடரில், சேர்ந்தவர்கள் அனைவரையும் இறுதிவரை உற்சாகம் குன்றாமல் நிலைநிறுத்துவதே அரிது. ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் இணையத்தின் வழியே இதை நடத்துகிறவர்கள் இன்று பெரிதும் வருந்துவதும் இதைக் குறித்தே: ஆரவாரத்தோடு வந்து சேர்ந்தவர்கள் சில வாரங்களில் கட்டளை அனுப்ப மறக்கிறார்கள்; இரண்டு போர்களில் தோற்றவர் சொல்லாமலே விலகிவிடுகிறார். ஆயினும் இச்சங்கடம் இணையத்தோடு பிறந்ததன்று. இவ்விளையாட்டின் இருநூறு ஆண்டுச் சரித்திரத்தை ஊன்றி நோக்கினால், வந்தவரை இருக்கச் செய்வது எப்படி என்ற கேள்விக்கு அவ்வப்போது யாரோ ஒருவர் கண்ட விடையே அதை முன்னே நகர்த்தி வந்திருப்பது புலப்படும்.

நம் நாட்டுச் சதுரங்கம் பாரசீகத்தையும் அரபு நாடுகளையும் கடந்து ஐரோப்பாவில் செஸ் என்று வேரூன்றி நெடுங்காலம் ஆனபின், பிரன்ஸ்விக் நகரத்தில் ஹெல்விக் என்ற ஆசிரியர் 1780-இல் அதன் கட்டங்களைப் பெருக்கி, மலை, நதி முதலியவற்றை அவற்றில் குறித்து, யுத்தத்தின் சாயலை மிகுவித்தார். பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் பிரபு 1812-இல் கட்டங்களையே நீக்கிவிட்டு, நிலத்தின் மேடுபள்ளங்களைத் தனித்தனித் துண்டங்களில் அமைத்து அரசரின் பார்வைக்கு வைத்தார். பீரங்கிப் படை அதிகாரியான அவருடைய புதல்வர் 1824-இல் வெளியிட்ட விதிகளின்படி, எண்ணாயிரத்தில் ஒரு பங்காக வரைந்த படத்தின்மேல் சிவப்பும் நீலமுமான ஈயத் துண்டுகள் படைகளாக நகர்ந்தன. ஒவ்வொரு நகர்வும் இரண்டு நிமிஷ யுத்தத்துக்குச் சமானம். ஆடுகிறவர்கள் கட்டளையை எழுதி நடுவரிடம் கொடுப்பார்கள். நடுவர் பகடையை உருட்டிச் சேதத்தைக் கணித்து, மெய்யான களத்தில் கண்ணுக்குப் புலப்படக்கூடிய படைகளை மட்டும் படத்தில் வைப்பார். பிரதம சேனாதிகாரி முஃப்ளிங் இதை நேரில் கண்டு, இது விளையாட்டன்று, யுத்தத்துக்கான பயிற்சியே என்று வியந்து, சேனை முழுவதற்கும் சிபாரிசு செய்தார்.

நாளடைவில் விதிகளும் அட்டவணைகளும் பெருகின. நடுவராக அமர வேண்டியவர் கணக்குகளில் மூழ்க, இளம் அதிகாரிகள் காத்துக் காத்துச் சலிப்படைந்தார்கள். அப்போது வெர்டி டு வெர்னுவா என்ற பிரஷ்ய சேனாதிபதி 1876-இல் எழுதிய நூலில், அனுபவமுள்ள நடுவர் அட்டவணைகளைப் புறத்தே வைத்துத் தம் விவேகத்தைக் கொண்டே முடிவு கூறலாம் என்று வாதித்தார். புதியவர் நுழையும் வாயிலைக் குறுக்கிக்கொண்டு விளையாட்டைச் செம்மைப்படுத்துவதால் பயன் இல்லை என்ற உண்மை அன்றே உணரப்பட்டுவிட்டது.

இங்கிலாந்தில் இவ்வினோதத்தைப் படைவீடுகளிலிருந்து குடும்பங்களுக்குள் கொண்டுவந்தவர் நாவலாசிரியர் எச்.ஜி. வெல்ஸ். அவர் 1913-இல் வெளியிட்ட சிறு நூலில், விருந்துக்கு வந்த நண்பர் ஒருவர் உணவுக்குப் பின் வில்விசைப் பொம்மைப் பீரங்கியால் ஈய வீரர்களைச் சுட்டு வீழ்த்தத் தொடங்கியதையே ஆதிநிகழ்ச்சியாகச் சொல்லுகிறார். ஒரு நகர்வுக்கே நெடுநேரம் யோசித்து எதிரியை வாட்டும் பழக்கம் வளர்வதைக் கண்டு, முப்பது வீரர்களுக்கு ஒரு நிமிஷம், பீரங்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிஷம் என்று அவர் காலவரையறை விதித்தார். காத்திருப்பவரின் பொழுதுக்கும் மதிப்பு உண்டு என்பதை விதியாகவே ஆக்கிய அச்செயல் சிறிதாயினும் சாமானியமானதன்று.

ஆனால் வருஷக்கணக்கில் நீண்ட போர்த்தொடருக்குச் சிறந்த உதாரணத்தைக் காட்டியவர் சவுத்தாம்ப்டனைச் சேர்ந்த டோனி பாத். அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் ஹோவர்டு தம் கதைகளுக்காகக் கற்பித்த ஹைபோரியா என்ற புராதன உலகத்தின் படத்தை எடுத்துக்கொண்டு, 1950களில் அவர் அதன் ராஜ்யங்களைத் தம் நண்பர்களுக்குப் பகிர்ந்தளித்தார். தூரத்திலிருந்தவர்கள் தபாலில் கட்டளை அனுப்ப, சேனைகள் மோதும்போது போர் மேஜையில் நடந்தது. பாத் அதோடு நிற்கவில்லை. அரசர்களுக்கும் பிரபுக்களுக்கும் தளகர்த்தர்களுக்கும் சீட்டுக்கட்டிலிருந்து சீட்டெடுத்துக் குணங்களை வகுத்தார்; ஒருவன் விசுவாசியானான், ஒருவன் பேராசைக்காரனானான், ஒருவன் சமயம் பார்த்து அரசனுக்கே துரோகம் நினைப்பவனானான். மணங்களும் மரணங்களும் சதிகளும் நிகழ்ந்தன. அவற்றையெல்லாம் அவர் ஒரு தேசத்தின் சரித்திரம்போல் எழுதிவந்தார். தோற்ற மன்னனின் பெயரும் அதில் நின்றமையால், தோல்வியும் ஒரு பங்கேற்பாயிற்று. அடுத்த அத்தியாயத்தில் தன் வமிசம் என்னாகும் என்பதை அறியும் ஆவலே ஆடுபவரைத் திரும்ப அழைத்து வந்தது. இம்முறைகளை விவரித்து அவர் 1973-இல் வெளியிட்ட நூலை இத்துறையினர் இன்றும் ஆதாரமாகக் கொள்கின்றனர்.

தபால்வழி ஆட்டத்தின் பெருந்துன்பம் வராத கடிதம். டிப்ளமசி என்னும் ஆட்டத்தை அமெரிக்காவில் ஜான் போர்டுமன் 1963 முதல் தபாலில் நடத்தத் தொடங்கியபின், இதற்கும் ஒரு கிரமம் ஏற்பட்டது: கட்டளை வராத சேனை நின்ற இடத்திலேயே நிற்கும், வழக்கமாகத் தவறுகிறவரின் ஆசனத்தில், முன்கூட்டியே பெயர் கொடுத்துக் காத்திருக்கும் வேறொருவர் அமர்வார். ஒருவர் விலகினால் மற்றவர்களின் ஆட்டம் கெட்டுவிடலாகாது என்ற நியாயம் இதில் அடங்கியிருக்கிறது.

எல்லாவற்றினும் அற்புதமான படிப்பினை 1969-இல் மினியாபோலிஸ் வட்டாரத்தில் கிடைத்தது. டேவிட் வெஸ்லி என்ற இளைஞர் நெப்போலியன் காலத்துப் போர் ஒன்றை ஏற்பாடு செய்தார். இரண்டு சேனாதிபதிகளுக்கே இடமுள்ள ஆட்டத்தில் பலர் கலந்துகொள்ள விரும்பினர். வந்தவர்களை வேடிக்கை பார்க்க விடாமல், இரு சேனைகளுக்கும் இடையே பிரவுன்ஸ்டைன் என்றொரு கற்பனை ஊரை வைத்து, ஒருவரை நகராட்சித் தலைவர், ஒருவரை சர்வகலாசாலை அதிபர் என்று நியமித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு தனி நோக்கத்தையும் கொடுத்தார். அவர்களோ அறை மூலைகளில் இரகசியம் பேசினார்கள். இருவர் துவந்த யுத்தத்துக்கே புறப்பட்டுவிட்டார்கள். நடுவரோ ஒருவருக்குத் தீர்ப்புச் சொல்லுமுன் இன்னொருவர் அழைக்கத் திணறினார். சேனைகள் மேஜைக்கு வரவே இல்லை. ஆட்டம் பாழாயிற்று என்று அவர் எண்ணியிருக்க, ஆடியவர்கள் மறுபடி எப்போது என்று கேட்டார்கள்! அக்கூட்டத்தைச் சேர்ந்த டேவ் ஆர்னெசன் அவ்வழியைப் பின்பற்றி பிளாக்மூர் என்ற தொடரைத் தொடங்க, கேரி கைகாக்ஸோடு அவர் சேர்ந்து 1974-இல் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் உலகமெங்கும் பரவியது.

கேம்ஸ் ஒர்க்ஷாப் நிறுவனம் 2003-இல் வார்ஹாம்மர் ஆடுகிறவர்களின் போர் முடிவுகளைப் பல நாடுகளிலிருந்து இணையத்தில் திரட்டி ஒரே போர்த்தொடராக இணைத்தபோது, வீட்டு மேஜையில் நடந்த சிறு மோதலும் பெருங்கதையின் ஓரிழை ஆயிற்று. தபால் போய் இணையம் வந்தமையால் கட்டளை ஒரு நொடியில் வந்து சேருகிறது. அனுப்பவேண்டும் என்ற ஆர்வத்தை மட்டும் எக்கருவியும் உண்டாக்கித் தரவில்லை. அதை உண்டாக்குவது நடுவரின் உழைப்பே. விதியைச் சுருக்கி, காலத்தை வரையறுத்து, வராதவருக்காக மாற்றாளை வைத்துக்கொள்வதால் ஆட்டம் தடைப்படாமல் நடக்கும். அது நெடுங்காலம் உயிரோடு இருப்பதோ, கடைசி வரிசையில் நிற்பவருக்கும் சொந்தமாக ஒரு நோக்கத்தை அளித்து, அவர் செய்ததைப் பெயர் சொல்லி எழுதி அனைவருக்கும் வாசிக்கத் தரும் பொறுமையினாலேதான். போர்த்தொடர் ஒன்றை இன்று தொடங்க விழைபவர், பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டச் செலவிடும் சிரத்தையில் ஒரு பங்கையேனும் அந்தச் சரித்திரத்தை எழுதுவதற்கு ஒதுக்குவாராக.