காந்தக் கட்டமைப்புகளும் சமச்சீர்மையும்: ஒரு வரலாறு

காந்தச் சமச்சீர்மை என்பது, படிகத்தில் அணுக்கள் அமர்ந்திருக்கும் இடங்களோடு அவற்றின் காந்தத் திருப்புத்திறன்கள் நோக்கும் திசைகளையும் சேர்த்து விவரிக்கும் முறையாகும். இடத்தை மட்டும் கணக்கிட்டால் படிகத்தின் சில பண்புகளைத் தவறாகக் கணிக்க நேரிடும் என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.

இடச் சமச்சீர்மை

ஃபெடரோவ், ஷோன்ஃபிளிஸ் ஆகிய இருவரும் 1891-இல் தனித்தனியே 230 இடக்குலங்களைக் கண்டறிந்தனர். காந்தத் திருப்புத்திறன்கள் ஒழுங்காக அணிவகுக்காத படிகங்களுக்கு இவை போதுமானவை.

இன்றைய விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், டாக்காவிலும் கல்கத்தாவிலும் இத்தகைய படிகங்களை ஆராய்ந்தார். மெல்லிய குவார்ட்சு இழையில் படிகத்தைத் தொங்கவிட்டு, சீரான காந்தப்புலத்தில் அது திரும்பும் அளவைக் கொண்டு, அதன் காந்தப் பண்பு திசைக்குத் திசை எவ்வளவு மாறுகிறது என அளந்தார். நாப்தலீன் போன்ற படிகங்களில் தட்டையான மூலக்கூறுகள் எவ்வாறு சாய்ந்துள்ளன என்பதை இதிலிருந்து அறிய முடிந்தது.

இரு வண்ணக் கோலம்

1949-இல் ஷல், ஸ்மார்ட் ஆகியோர் மாங்கனீசு ஆக்சைடின் மீது நியூட்ரான்களைச் செலுத்தினர். எக்ஸ் கதிர் காட்டும் அலகுக்கூட்டைப் போல இருமடங்கு பக்கநீளம் கொண்ட காந்தக்கூடு தெரிந்தது. பாதித் திருப்புத்திறன்கள் ஒரு திசையையும் மீதிப் பாதி எதிர்த் திசையையும் நோக்கியிருந்ததே காரணம்.

இதை விவரிக்க, அடி அண்ணாமலைத் தெருவில் போட்ட ஒரு கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இடப்பாதி வெள்ளை மாவு, வலப்பாதி காவி. நடுக்கோட்டில் மடித்தால் வடிவம் பொருந்தும், வண்ணம் பொருந்தாது. மடித்து வண்ணத்தையும் மாற்றினால் இரண்டும் பொருந்தும். வெள்ளையும் காவியும் இங்கே மேல், கீழ் நோக்கும் திருப்புத்திறன்கள். வண்ணம் மாற்றுவது காலத்தைப் பின்னோக்கி ஓட்டுவதற்குச் சமம்: மின்னோட்டம் எதிராக ஓடினால் காந்தத் திசையும் எதிராகும்.

இக்கருத்தின் கணிதத்தை ஹீஷ் 1930-லேயே அமைத்திருந்தார். ஷுப்னிகோவ் 1951-இல் அதை விரிவாக வளர்த்தார். 32 புள்ளிக்குலங்கள் 122 ஆயின. ஜமோர்சாயேவ், பெலோவ் முதலியோரின் பணியால் 230 இடக்குலங்கள் 1651 ஆயின.

கணிப்பும் சோதனையும்

காலத்தைத் திருப்பினாலும் படிகம் மாறாது என்று கொண்டால், மின்புலம் தனக்கு நேர்விகிதமான காந்தமாக்கலைப் படிகத்தில் உண்டாக்க முடியாது. குரோமியம் ஆக்சைடில் இடத்தை மட்டும் தலைகீழாக்கினாலும் காலத்தை மட்டும் திருப்பினாலும் காந்த அமைப்பு மாறிவிடும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் மாறாது. ஆகவே அதில் இவ்விளைவு உண்டு என்று சியாலோஷின்ஸ்கி 1959-இல் கணித்தார். அஸ்த்ரோவ் 1960-இல் சோதனையில் கண்டார்.

இந்தியப் பங்களிப்பு

ராமனிடம் பயிற்சி பெற்ற எஸ். பகவந்தம், பந்துலுவுடன் 1964-இல் காந்தச் சமச்சீர்மையையும் படிகப் பண்புகளையும் இணைத்து ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். எந்தப் படிக வகுப்பில் எந்தப் பண்பு இருக்கலாம், எது சுழியாகும் என்பதைக் குலக்கோட்பாட்டால் கணக்கிடும் வழியை அவரது 1966-ஆம் ஆண்டு நூல் விளக்குகிறது.

மும்பை டிராம்பேயிலுள்ள துருவா அணு உலையிலும் நியூட்ரான்களைக் கொண்டு காந்தக் கட்டமைப்புகள் ஆராயப்படுகின்றன. நியூட்ரான் அளவீடுகளிலிருந்து திருப்புத்திறன்களின் அணிவகுப்பைக் கண்டறிய இக்காந்தக் குலங்கள் இன்றும் பயன்படுகின்றன.