பெயரில் எஞ்சிய ஆவி: ஸ்காட்லாந்தின் ‘பஃபர்’ கப்பல்களும் மொழிபெயர்ப்பாளரும்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலும் அதனையொட்டிய தீவுகளிலும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சரக்கு ஏற்றிச் சென்ற சிறு நீராவிக் கப்பல்களைப் ‘பஃபர்’ என்பர். ஊதித் தள்ளுவது என்பது சொற்பொருள். இக்கப்பல்களின் தொழில் வரலாற்றைச் சொல்வழியே காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிழக்குக் கடலையும் மேற்குக் கடலையும் இணைக்கும் ஃபோர்த் – கிளைட் கால்வாய் 1790இல் திறக்கப்பட்டது. 1856இல் ‘தாமஸ்’ என்னும் இரும்புப் படகில் நீராவி எஞ்சினைப் பொருத்தி அக்கால்வாயில் ஓட்டிப் பார்த்தனர். அம்முயற்சி வெற்றி பெறவே இக்கப்பலினம் தோன்றியது. கால்வாயின் லாக்குகளுக்குள் அடங்க வேண்டும் என்பதால் நீளம் 66 அடியளவில் நின்றது. சுற்றிலும் நன்னீர் இருந்தமையால் கொதிகலனுக்குத் தண்ணீர்ப் பஞ்சமில்லை. எனவே, வேலை முடித்த ஆவியைக் குளிர்வித்து மீண்டும் நீராக்கும் கருவி தேவைப்படவில்லை. ஆவி புகைபோக்கி வழியே குப்குப்பென்று வெளியேறியது. பெயர் பிறந்தது அவ்வோசையிலிருந்துதான்.

பின்னர் இக்கப்பல்கள் கடலுக்குச் சென்றன. உப்புநீர் கொதிகலனுக்கு ஆகாது. ஆதலின் ஆவியைச் சேமித்து நீராக்கும் கருவி இடம்பெற்றது, குப்குப்பொலி நின்றுபோயிற்று. பெயர் மட்டும் நிலைத்தது. 1950களில் டீசல் எஞ்சினுடன் கட்டப்பட்டவற்றையும் மக்கள் பஃபர் என்றே அழைத்தனர். தமிழில் இதற்கு இணை ‘புகைவண்டி’. நிலக்கரி எஞ்சின் போன பின்னும் புகைவண்டி நிலையம் நம் பேச்சில் தொடர்ந்தது. காரணம் அழிந்தபின் அதன் பெயர் வெறும் இடுகுறியாக நிற்கும் என்பதற்கு இவை தக்க சான்றுகள். புகைவண்டியைத் ‘தொடர்வண்டி’ எனத் திருத்தியவர்களின் ஆர்வம் பாராட்டத்தக்கதே. எனினும், பழஞ்சொல்லில் உறைந்திருந்த வரலாறு திருத்தத்தில் கரைந்துவிடுகிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இச்சொல்லைத் தமிழில் எவ்வாறு எழுதுவது? ஒலிபெயர்த்தால் ‘பஃபர்’, ஆனால் ரயில் பெட்டிகளுக்கிடையே மோதலைத் தாங்கும் உறுப்பையும் நாம் இவ்வாறே எழுதுகிறோம். வல்லெழுத்தின் ஒலிப்பிலா, ஒலிப்புடை வேறுபாட்டை வரிவடிவம் காட்டாமையால் நேரும் மயக்கம் இது. ‘புகைக்கப்பல்’ என்பது வழக்கிலிருந்த சொல்லாயினும் எல்லா நீராவிக் கப்பல்களுக்கும் பொது. முதலிடத்தில் ‘குபுகுபுக் கப்பல்’ என விளக்கிவிட்டு, பின்னர்ப் பஃபர் என்றே எழுதிச் செல்வது தகும் என்பது என் கருத்து.

பெயரினும் கடினமானது, செய்த வேலையைப் பெயர்ப்பது. தீவுகள் பலவற்றில் துறைமேடை இல்லை. தட்டையான அடிப்பகுதி கொண்ட பஃபர், கடல் ஏறியிருக்கும்போது கரையை நெருங்கி நிற்கும். நீர் வற்றியதும் மணலில் அமர்ந்துவிடும். குதிரை வண்டிகள் கப்பலின் விலாவரை வரும். நிலக்கரியை மண்வெட்டியால் வாளிகளில் வாரி நிரப்புவர். பாய்மரத்தையொட்டிய தூக்குமரம், நீராவி விஞ்சின் உதவியால் வாளிகளை வண்டிகளில் இறக்கும். சுமார் 100 டன் சரக்கு. ஆட்கள் மூவர் அல்லது நால்வர். அவர்கள் உண்பதும் உறங்குவதும் முன்தளத்தின் கீழுள்ள ஓர் அறையில். கடல் திரும்புவதற்குள் இறக்கும் வேலை நடந்தாக வேண்டும். அத்தீவினரின் குளிர்கால அடுப்பு இந்த இடைவெளியை நம்பி இருந்தது.

இதற்குத் தமிழகப் பாடநூல்கள் தரும் சொல் ‘ஓதம்’. உயர் ஓதம், தாழ் ஓதம் என்பவை பிழையற்றவை. ஆனால் அளவையை மட்டுமே குறிப்பவை. இலங்கைத் தமிழர் வழங்கும் ‘வற்றுப்பெருக்கு’ நீரின் செயலைக் காட்டுகிறது. அன்றியும் வற்றினை முன்னிறுத்துகிறது. பஃபரின் வேலை தொடங்குவது வற்றில்தான். இவ்விடத்தில் இலங்கை வழக்கை ஏற்கத் தயங்க வேண்டியதில்லை.

இக்கப்பல்களை இலக்கியத்துள் கொண்டுவந்தவர் நீல் மன்ரோ. 1905 முதல் ஒரு கிளாஸ்கோ மாலை நாளிதழில் இவர் எழுதிய கதைகளின் தலைவன் ‘பாரா ஹேண்டி’ என்னும் கப்பல் தலைவன். இப்பெயர் கேலிக் மொழியில் சாண்டியின் மகன் பீட்டர் எனப் பொருள்படும். சாண்டியின் முதலொலியான சகரம் இத்தொடரில் மெலிந்து ஹகரமாகியுள்ளது. ‘கைக்கு அடக்கமான’ என்று பொருள்தரும் ஆங்கிலச் சொல்லோடு இதற்கு உறவில்லை. அகராதியை மட்டும் நம்புவோர் இங்கு இடறக்கூடும். அவனது கப்பலின் பெயரை ‘உயிர்ப்பொறி’ எனலாம். தமிழில் பொறி தீத்துளியையும் இயந்திரத்தையும் ஒருங்கே குறிக்கும். மூலத்தில் இவ்விருபொருள் இல்லை. மொழிபெயர்ப்பில் தானே வந்து சேர்ந்த இந்த ஊதியத்தை விலக்கவேண்டும் என்று நான் கருதவில்லை.

கிர்கின்டிலாக் என்னும் கால்வாய்க்கரை ஊரில் கப்பல் கட்டிய ஹே நிறுவனத்தார் இனக்குழுப் பெயர்களைத் தம் கப்பல்களுக்கு இட்டனர். 1939இல் கட்டிய ஒன்றுக்கு ‘லஸ்கர்’ என்று பெயர். படை எனப் பொருள்படும் பாரசீகச் சொல், ஐரோப்பியக் கப்பல்களில் வேலை பார்த்த ஆசிய மாலுமியைக் குறிக்கலாயிற்று. நம் பொதுப்பணித் துறையில் மதகு திறந்து மூடும் ஊழியரும் லஸ்கரே. படை, கப்பல், கால்வாய் என இச்சொல் நடந்த தொலைவு தனி ஆய்வுக்குரியது.

இரண்டாம் உலகப் போரின்போது இந்த லஸ்கரையும் ‘அன்சாக்’ என்னும் மற்றொரு கப்பலையும் மாதிரியாகக் கொண்டு, கடற்படைக்குப் பண்டம் சுமக்கச் சுமார் நூறு கப்பல்கள் கட்டப்பட்டன. போருக்குப் பின் அவற்றுட் சில வணிகத்துக்கு வந்தன. ஆனால் காலம் மாறிவிட்டது. 1963இல் ஃபோர்த் – கிளைட் கால்வாய் மூடப்பட்டது (2001இல் மீண்டும் திறக்கப்பட்டது). 1964இல் மேற்குத் தீவுகளுக்கு வாகனம் ஏற்றும் பயணக் கப்பல்கள் வந்தன. சரக்கு லாரியோடு லாரியாகக் கடல் கடந்தது. மணலில் அமர்ந்து நீர் திரும்பும்வரை காத்திருக்கும் கப்பலுக்கு வேலை குறைந்தது. போர்க்காலத்தில் கட்டப்பட்ட ‘ஸ்பார்ட்டன்’ 1961இல் டீசலுக்கு மாற்றப்பட்டு, பின்னர் இர்வின் நகரக் கடல்சார் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. 1943இல் யார்க்‌ஷயரில் கட்டப்பட்ட ‘விக் 32’ நிலக்கரிக் கொதிகலனோடு பேணப்பட்டு, சரக்கு நிரம்பியிருந்த அறையில் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடியது.