டேஷ்போர்டுக்கு எந்தத் தோல், எந்த மரம்?

டேஷ்போர்டு முதலில் கார் சமாச்சாரமே இல்லை. குதிரை வண்டியில் வந்த உறுப்பு அது. குதிரை ஓடும்போது குளம்பு வாரி அடிக்கிற சேறும் தண்ணியும் வண்டியோட்டி மேல் தெறிக்காமல் இருக்க, அவர் கால்களுக்கு முன்னால் ஒரு தடுப்பு வைத்தார்கள். 'டேஷ்' என்றால் இங்கே அந்தத் தெறிப்புதான். சாதா வண்டியில் அது மரப்பலகை. கொஞ்சம் வசதியான வண்டியில் இரும்புச் சட்டம் செய்து அதன்மேல் தோலை இழுத்துத் தைத்து, கறுப்பு வார்னிஷ் ஏற்றிப் பளபளப்பாக்கி வைத்திருப்பார்கள். ஆக இந்தப் பலகைக்கு என்ன மேல்பூச்சு கொடுப்பது என்ற கேள்விக்குக் காரைவிட வயசு அதிகம்.

குதிரை போனபிறகும் பலகை நின்றுவிட்டது. 1901ல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபில் கார் ஒன்றின் பெயரே 'கர்வ்டு டேஷ்'. முன்பக்கம் பனிச்சறுக்கு வண்டி மாதிரி வளைந்து நிற்கும் பலகைதான் அதன் அடையாளம். அப்புறம் மெல்ல மெல்ல ஓட்டுபவர் பார்க்க வேண்டிய மீட்டர்களை எல்லாம் அதில் கொண்டுவந்து பொருத்தினார்கள். சேற்றைத் தடுத்த பலகை முகம் பார்க்கிற பலகை ஆகிவிட்டது.

இதையெல்லாம் நான் தோண்ட ஆரம்பித்தது ஒரு நண்பனால். என்னோடு பி.இ. படித்தவன், இப்போது கொடைக்கானல் பக்கம் பேத்துப்பாறையில் சின்னத் தோட்டம் வைத்திருக்கிறான். பழைய ஜீப் ஒன்றை வாங்கி, எஞ்சினையும் சேசிஸையும் அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே எல்லாவற்றையும் தன் இஷ்டத்துக்குக் கட்டிக்கொண்டிருக்கிறான். டேஷ்போர்டில் வந்து நின்றுவிட்டது. ஈட்டி மரமா, லெதரா, அலுமினியத் தகடா, சும்மா பெயிண்டா? "நீதான் எதையாவது நோண்டிக்கிட்டே இருப்பியேடா, இதையும் நோண்டிச் சொல்லு" என்றான்.

சரி, நோண்டுவோம். நம்ம ஊரில் இந்தக் கதை மவுண்ட் ரோடில் தொடங்குகிறது. 1840ல் மெட்ராஸில் தொடங்கிய சிம்ப்சன் கம்பெனி, டிராக்டர் எஞ்சினுக்கெல்லாம் முன்னால் கோச் வண்டி கட்டுகிற கம்பெனி. 1903ல் அங்கே இருந்த சாமுவேல் ஜான் கிரீன் நீராவியில் ஓடும் கார் ஒன்றைக் கட்டினார். இந்தியாவிலேயே கட்டிய முதல் நீராவிக் கார் என்று சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்த விஷயம் வேறு. எஞ்சின்தான் புதுசு; பாடி கட்டுகிற வேலை கோச் வண்டியில் கைபழகிய தொழில். தச்சர், கொல்லர், தோல் தைப்பவர், வார்னிஷ் அடிப்பவர் என்று அதே கூட்டம். கோச் வார்னிஷ் என்பது ஒருநாள் வேலை இல்லை. ஒரு கை பூசி, காயவிட்டு, தேய்த்து, மறுபடி பூசி என்று வாரக்கணக்கில் போகும். 1923, 24 வாக்கில் டூபான்ட் கம்பெனியின் டூகோ லேக்கர் வந்து ஸ்பிரே கன் பிடித்த பிறகுதான் கார் பெயிண்ட் மணிக்கணக்கில் காயத் தொடங்கியது.

தோலுக்கு வருவோம், இங்கேதான் கதை சுவாரஸ்யமாகிறது. மெட்ராஸ் மாகாணத்தில் காலங்காலமாகத் தோல் பதனிட்டது ஆவாரம்பட்டையில். அரைப்பதமாகப் பதனிட்ட தோல் கப்பல் கப்பலாக வெளிநாடு போனது. மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் அழகாக இருக்கும், தொட்டால் ஒரு உயிர் இருக்கும். ஆனால் ஈரம் அதற்கு ஆகாது. நனைந்து நனைந்து காய்ந்தால் விறைத்துவிடும், ஈரத்திலேயே கிடந்தால் பூஞ்சை பிடிக்கும்.

இதற்கு மாற்றுத் தேடியவர் ஆல்ஃபிரெட் சாட்டர்டன். மெட்ராஸ் பொறியியல் கல்லூரியில் (பின்னாளில் கிண்டிக்கு இடம் மாறிய அதே கல்லூரிதான்) பேராசிரியராக இருந்தவர், பிறகு மெட்ராஸ் கலைத்தொழில் பள்ளிக்குப் போனார். 1903 வாக்கில் அங்கே குரோமிய உப்பில் தோல் பதனிடும் சோதனைகளைத் தொடங்கினார். ஷூவுக்காக என்று நினைப்பீர்கள். அவர் முக்கியமாகக் கண் வைத்தது கமலை மீது! மாடு கட்டிக் கிணற்றில் தண்ணி இறைக்கிற தோல் சால், தண்ணியிலேயே கிடந்து சீக்கிரம் போய்விடும். குரோம் தோல் தண்ணிக்குத் தாங்கும் என்பதுதான் அவர் கணக்கு. சோதனை பலித்தது, தொழிற்சாலையாகவும் வளர்ந்தது. அரசாங்கமே கடை போட்டால் நாங்கள் எங்கே போவது என்று ஐரோப்பிய வியாபாரிகள் கொதித்தார்கள். 1910ல் லண்டனில் இந்தியா அமைச்சராக இருந்த மார்லி, அரசு நேரடியாகத் தொழில் நடத்துவதற்குத் தடை போட்டார். உருப்படியாக நடந்த ஒரு வேலையைக் கொள்கை பேசி நிறுத்தியதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து குறைவு. தொழில்நுட்பம் மட்டும் நிற்கவில்லை. பல்லாவரம் பக்கம் சேம்பர்ஸ் குடும்பத்தின் குரோம் லெதர் கம்பெனி வந்தது. குரோம்பேட்டையில் குடியிருக்கிற எத்தனை பேருக்கு ஊர்ப்பெயரில் குரோமியம் இருப்பது தெரியும்?

ஆக, மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்காருகிற பேத்துப்பாறைக்கு, தோல் என்றால் குரோம் தோல்தான். நண்பன் முதலில் கேட்டது பட்டைத் தோல். இணையத்தில் பழைய வெளிநாட்டுக் கார்களின் படம் பார்த்துவிட்டுக் கேட்டான். அவன் வீட்டைச் சுற்றி நிற்கிற மரங்களுக்கும் அந்தத் தோலுக்கும் உள்ள உறவை அவனிடம் சொன்னேன்.

பழனி மலை மேல்பகுதி ஒருகாலத்தில் புல்வெளியும், மடிப்புகளில் சோலைக்காடுமாக இருந்த நிலம். அங்கே ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில் மரங்களை (சீகை என்றும் சொல்வார்கள்) வனத்துறை பரவலாக நட்டது. ஒரு பெரிய காரணம், தோல் பதனிடத் தேவையான டானின். வாட்டில் பட்டையில் அது ஏராளம், அதுவரை தென்னாப்பிரிக்காவிலிருந்து இறக்குமதி ஆகிக்கொண்டிருந்தது. அந்நியச் செலாவணியை மிச்சம் பிடிக்க மலையைக் கொடுத்தோம். பிறகு பட்டைக்கு மவுசு குறைந்தது, மரம் குறையவில்லை. விதை மண்ணில் பல வருஷம் கிடந்து, வெட்டினாலும் எரித்தாலும் இன்னும் அடர்த்தியாக முளைக்கும். செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2018ல் பிளாஸ் ஒன் இதழில் வந்தது. 1973க்கும் 2014க்கும் இடையில் பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போயிருக்கிறது. வாட்டில், யூகலிப்டஸ், பைன் தோட்டங்களும் விவசாயமும் அந்த இடத்தைப் பிடித்தன. புல்வெளி பஞ்சு மாதிரி தண்ணியைப் பிடித்து ஓடைகளுக்கு விடுவது. கோடையில் ஓடை வற்றுவதைப் பற்றி மலைக்காரர்கள் பேசும்போது இந்தக் கணக்கும் அதில் இருக்கிறது.

அலுமினியத்தையும் பெயிண்டையும் சீக்கிரம் முடித்துவிடலாம். (அலுமினியத்திலும் சாட்டர்டன் இருக்கிறார். 1898லேயே மெட்ராஸில் அலுமினியப் பாத்திரம் செய்ய வைத்தவர் அவர்.) தேய்த்துப் பளபளப்பாக்கிய தகடு பார்க்க ஜோர், ஆனால் வெயில் பட்டால் கண்ணைக் குத்தும், கண்ணாடியில் பிரதிபலிக்கும். கொண்டை ஊசி வளைவில் இது விளையாட்டு இல்லை. பழைய வில்லிஸ் ராணுவ ஜீப்பில் டேஷ்போர்டு வெறும் இரும்புத் தகடு, பாடிக்கு அடித்த அதே பளபளப்பில்லாத பச்சை. அழகுக்கு யாரும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை, ஆனாலும் நாலு முடிவுகளில் மிகப் புத்திசாலித்தனமானது அதுதான் என்பது என் கட்சி.

நண்பனுக்கு மரம்தான் வேண்டும். ஈட்டி வேண்டாம் என்றேன். அது மெதுவாக வளர்கிற மரம். பட்டா நிலத்தில் நின்றாலும் இஷ்டத்துக்கு வெட்டக்கூடாது என்று அதற்கென்றே 1994ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் போட்டார்கள். பழைய பாணி ஸ்பிரிட் பாலிஷும் வேண்டாம். அரக்குப் பூச்சியின் பிசினை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சுப் பொட்டலத்தால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவது. வீட்டு அலமாரியில் அதற்கு ஈடு இல்லை. ஈரம் பட்டால் வெள்ளை பூத்துவிடும்.

வாட்டில் குடும்பத்திலேயே பிளாக்வுட் என்று ஒரு மரம் உண்டு, அகேசியா மெலனாக்சிலான். ஆஸ்திரேலியாவில் அதில் கிட்டார் செய்கிறார்கள், உயர்ரக மேஜை நாற்காலி செய்கிறார்கள். தேன் நிறத்தில் கரும்பழுப்பு ரேகை ஓடும். கொடைக்கானல் பக்கமும் அது நிற்கிறது. நண்பன் தோட்டத்து வேலியோரம் காற்றில் விழுந்த ஒன்று ரெண்டு வருஷமாகக் கொட்டகையில் காய்ந்துகொண்டிருந்தது, விறகுக்கென்று!

வத்தலக்குண்டில் ஒரு ஆசாரி அதை மெல்லிசாக அறுத்துக் கொடுத்தார். முழுப் பலகையாகப் போடாமல் அலுமினியத் தகட்டின் மேல் ஒட்டச் சொன்னேன். சொகுசுக் கார் கம்பெனிகள் செய்வதும் இதுதான், விபத்தில் மரம் சிம்பு சிம்பாக உடைந்து ஆள்மேல் பாயக்கூடாது என்பதற்காக. மேல் விளிம்பில் மட்டும் ஸ்பாஞ்ச் வைத்துக் கறுப்பு குரோம் தோல். மரத்துக்கு மினுமினுப்பு இல்லாத மேட் பி.யூ. பூச்சு.

பக்கத்தில் இருக்கிற கிளவ் பாக்ஸ் கதவு மட்டும் முழு மரம். அதற்கு முன்பக்கம் எத்தனை கை அடிக்கிறோமோ அத்தனை கை பின்பக்கமும் அடிக்க வேண்டும் என்று ஆசாரியிடம் சொன்னேன். ஒருபக்கம் மட்டும் அடைத்தால், கீழே வெயிலில் காய்ந்து மேலே பனியில் ஊறி, மறுபக்கம் வழியாக ஈரம் போய்வந்து பலகை வளைந்துவிடும். "கண்ணுக்குத் தெரியாத பக்கத்துக்கு எதுக்கு சார் பாலிஷ்?" என்று கேட்டவர், விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். "மலைக்கு மேல போற கதவு ஜன்னல் எல்லாத்துக்கும் எங்கப்பா ரெண்டு பக்கமும் எண்ணெய் போடுவாரு. ஏன்னு நான் கேட்டதே இல்ல" என்றார்.