சர்க்கரை ஆலைகளில் இணைமின் உற்பத்தி

ஒரே எரிபொருளை எரித்து மின்சாரத்தையும் ஆலைக்கு வேண்டிய வெப்பத்தையும் சேர்த்துப் பெறுவது இணைமின் உற்பத்தி. மின்சாரத்துக்கென்றே அமைந்த அனல்மின் நிலையத்தில், டர்பைனைச் சுழற்றி வெளிவரும் நீராவியைக் குளிர்வித்துத் தண்ணீராக்குவார்கள். எரிபொருள் வெப்பத்தில் பாதிக்கும் மேல் அப்படிக் குளிர்விப்புக் கோபுரத்திலும் புகைபோக்கியிலும் போய்விடும். சர்க்கரை ஆலையோ அந்த நீராவியை வைத்துத்தான் கரும்புச் சாற்றைக் காய்ச்சுகிறது.

கரும்பாலைகளுக்கு இது பழைய வழக்கம். 19ஆம் நூற்றாண்டிலேயே கரும்பு பிழியும் உருளைகளை ஓட்டிய நீராவி இயந்திரத்தின் கழிவு நீராவி சாறு காய்ச்சப் பயன்பட்டது. நியூ ஆர்லியன்ஸில் பிறந்த நார்பர்ட் ரில்லியூ 1843இல் காப்புரிமை பெற்ற ஆவியாக்கி அடுத்த பெரிய மாற்றம். முதல் கலத்தில் சாறு கொதித்து எழும் ஆவி இரண்டாம் கலத்தைச் சூடாக்கும். அதன் ஆவி மூன்றாவதை. கலத்துக்குக் கலம் அழுத்தம் குறைவதால் குறைந்த சூட்டிலேயே சாறு கொதித்துவிடும்.

ஆனால் ஆலையின் எரிபொருளான சக்கையை இப்படி மிச்சம் பிடித்து என்ன செய்வது? அரைத்த கரும்பின் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு சக்கை, அதில் பாதி ஈரம். குவித்து வைத்தால் இடத்தை அடைக்கும், தீப்பிடிக்கும். எனவே சக்கையை எரித்துத் தீர்ப்பதே கொதிகலனின் வேலையாக இருந்தது. சதுர சென்டிமீட்டருக்கு 21 கிலோ அழுத்தம் அதற்குப் போதும்.

சக்கைக்கு விலை வந்ததும் கதை மாறியது. கரூர் அருகே காகிதபுரத்தில் 1984இல் உற்பத்தியைத் தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை, சக்கையை வாங்கிக்கொண்டு சர்க்கரை ஆலைகளுக்கு மாற்று எரிபொருள் கொடுத்தது. மின்சாரத்துக்குச் சந்தை திறந்தது சட்டங்களால். எண்ணெய் நெருக்கடிக்குப் பின் 1978இல் அமெரிக்கா, இணைமின் உற்பத்தியாளரிடம் மின் நிறுவனங்கள் மின்சாரம் வாங்கியாக வேண்டும் என்றது. இந்தியாவில் 1994இல் சக்கை இணைமின் திட்டம் வந்தது. தமிழ்நாட்டு ஆலைகள் முன்வரிசையில் நின்றன. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டமும் இணைமின் உற்பத்தியை ஊக்குவிக்கச் சொல்கிறது.

அதன்பின் கொதிகலன் அழுத்தம் 67, 87, 110 கிலோ என ஏறியது. பெருமையெல்லாம் அந்த எண்ணுக்கே போகிறது; உண்மையில் மிச்சம் பிடிப்பது சாறு காய்ச்சும் கூடம். மணிக்கு 100 டன் கரும்பு அரைக்கும் ஆலை, காய்ச்சுவதற்கு 50 டன் நீராவி கேட்ட இடத்தில் 40 டன்னோடு நிறுத்திக்கொண்டால், மீதி 10 டன் டர்பைனின் கடைசிக் கட்டம்வரை ஓடிச் சுமார் 1 மெகாவாட் கூடுதலாகத் தரும். கசியும் வால்வு, நீராவி குளிர்ந்து உண்டாகிக் கால்வாய்க்குப் போகும் சூடான நீர், சரியாகப் பிழியாததால் ஈரம் மிஞ்சிய சக்கை ஆகியவை அந்த மெகாவாட்டைத் தின்னும். கரும்பு வரத்து நின்று அரவை விட்டுவிட்டு நடந்தால் இந்தக் கணக்கே கவிழும்.

அரவை இல்லாத மாதங்களில் பல ஆலைகள் நிலக்கரியை எரித்து மின்சாரம் விற்கின்றன. அப்போது காய்ச்சச் சாறு இல்லை, வெப்பம் கோபுரத்துக்கே போகிறது. பெயர்ப்பலகை என்ன சொன்னாலும், அந்த மாதங்களில் அது ஒரு சிறிய அனல்மின் நிலையம்தான்.