உருக்காமல் உருவான உலோகக் கலவை

உலோகக் கலவை என்றவுடன் மாணவர்களுக்கு உலையும் அதில் உருகிய குழம்புமே நினைவுக்கு வரும். வெண்கலமும் பித்தளையும் அவ்வாறு பிறந்தவையே. உலையில் உருக்காமல், தூள்களை அரைத்தே கலவை செய்த வரலாறும் ஒன்று உண்டு. அதனையே இன்று கூற விழைகிறேன்.

ஜெட் விமானப் பொறியினுள் கனன்ற வாயு பாயும் இடத்திலே நிக்கல் கலவைகளே நின்று தாங்குகின்றன. நிக்கலும் அலுமினியமும் கூடிய நுண்படிவுகள் அவற்றுக்கு வலுவூட்டுகின்றன. வெப்பம் மிகுந்தால் அப்படிவுகள் கரைந்துவிடும், வலுவும் குன்றும். சிலவகை ஆக்ஸைடுத் துகள்களோ கரைவதில்லை. இவ்விரண்டையும் ஒரே உலோகத்தில் சேர்க்க, 1960-களில் அமெரிக்காவில் பன்னாட்டு நிக்கல் நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் பெஞ்சமின் முனைந்தார். உருகிய உலோகத்தில் ஆக்ஸைடு ஒட்டாது, திரண்டு ஒதுங்கும். ஆகவே நிக்கல் பூசிய ஜிர்கோனியாத் தூளைக் குழம்பினுள் செலுத்திப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. ஆராய்ந்தபோது, தூளை விற்றவர் தலைகீழாக, ஜிர்கோனியா பூசிய நிக்கலை அனுப்பியிருந்தது தெரிந்தது! வேறு பூச்சும் கைகொடுக்கவில்லை.

பின்னர் அவர் நாடியது ஒரு பழைய கருவியை. டங்ஸ்டன் கார்பைடின்மேல் கோபால்ட்டைப் பூசுவதற்கு வெகுகாலமாக வழங்கிவந்த, குண்டுகளை இட்டு அரைக்கும் எந்திரம் அது. இவ்விடத்தை மாணவர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். திரிகையில் இட்ட தானியம் பொடியாகும், மீண்டும் ஒன்றாகாது. உலோகத்தூளின் இயல்பு வேறு. மோதும் இரு குண்டுகளுக்கிடையே அகப்பட்ட துகள் தட்டையாகிறது. புதுப்பரப்பு வெளிப்பட்டு, அண்டைத் துகளோடு சூடின்றியே பற்றிக்கொள்கிறது. அடிபட்டு இறுகியபின் உடைகிறது; உடைந்தது மறுபடியும் ஒட்டுகிறது. மணிக்கணக்கில் இவ்வாறு நிகழ, அடுக்குகள் மெலிந்து மெலிந்து ஒன்றிவிடுகின்றன; ஆக்ஸைடும் எங்கும் சீராகப் பரவிவிடுகிறது. ஒட்டுதல் மிஞ்சினால் தூள் முழுவதும் குண்டுகளில் அப்பிக்கொள்ளும். அலுமினியம் போன்ற மென்மையான உலோகங்களுக்கு, மெழுகுவத்தியில் சேரும் ஸ்டியரிக் அமிலத்தைச் சிறிதளவு இடுவது இதற்காகவே.

1966-இல் இம்முறை வெற்றி கண்டது. அரைத்த தூளைக் கலத்தில் அடைத்து, சூடேற்றி, அழுத்திப் பிதுக்கித் தண்டுகளாக்கினர். 'இயந்திரவழிக் கலப்பு' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரை இதற்குச் சூட்டியவர் விஞ்ஞானியல்லர். நிறுவனத்தின் காப்புரிமை வழக்கறிஞர் மக்குவீன்!

1983-இல் காக் என்பவரும் தோழர்களும் நிக்கல், நயோபியம் தூள்களை அரைத்தே, படிக ஒழுங்கற்ற, கண்ணாடியை யொத்த உலோகத்தைப் பெற்றனர். பெஞ்சமின் தேடாத பயன் இது. கல்பாக்கத்து அணு ஆராய்ச்சி மையத்தினரும், அதிவேக உலைகளின் எரிபொருட் குழாய்களுக்காக, இட்ரியம் ஆக்ஸைடு விரவிய எஃகை இம்முறையில் உருவாக்கும் பணியில் ஈடுபட்டுள்ளனர்.